ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, அம்முச்சிதான் வேற ஆளாயிட்டாங்க

கேள்வி: கோபி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்
8 ஜனவரி 2025

எங்க அம்முச்சிக்கு (அம்மாவோட அம்மா) 79 வயசு. வாசல்ல கோலம் போடறப்ப வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. ஈரோட்டுல ஆபரேஷன் பண்ணி ராடு வெச்சிருக்காங்க. எக்ஸ்ரே நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ரெண்டாம் நாள் ராத்திரியிலிருந்து நான் யாருன்னே தெரியலைங்க. செவுத்துல எறும்பு போகுதுங்கறாங்க, குளுக்கோஸ் ஊசியைப் புடுங்கறாங்க. பகல்ல கொஞ்சம் தெளிவு. வார்டுல கேட்டா, "வயசானா மறதி வரத்தான் செய்யும், வீட்டுக்குப் போனா சரியாயிரும்"னு சொல்றாங்க. விழுந்த அன்னிக்குக் காலைல பால் கணக்கைப் பைசா சுத்தமாச் சொன்னவங்க, அக்கா. மூணு நாள்ல மறதி நோய் வருமா?

பதில்: 8 ஜனவரி, இரவு 10.20

வராது தம்பி. மறதி நோய் மாசக்கணக்கா, வருசக்கணக்கா மெல்ல ஏறும். பால் கணக்குச் சொன்னவங்க ராத்திரியோட ராத்திரி மாறி, பகல்ல தெளிஞ்சு, பொழுது சாய மறுபடியும் கூடுதுன்னா அதை டாக்டர்கள் டெலிரியம்னு சொல்லுவாங்க. ஒடம்புல எதோ ஒண்ணு கெட்டிருக்குதுன்னு மூளை காட்டற அடையாளம் அது. இடுப்பெலும்பு முறிஞ்சு வர்ற பெரியவங்கள்ல நிறையப் பேருக்கு வருது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும், அஞ்சுல ஒருத்தர்ங்கறதும் உண்டு, ரெண்டுல ஒருத்தர்ங்கறதும் உண்டு. அடிக்கடி பார்க்கிறதாலயே வார்டுல "வயசானா அப்படித்தான்"னு விட்டுடறாங்க. நீங்க விடாதீங்க.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வர்றப்ப "மறதி"ங்கற பேச்சையே எடுக்காதீங்க. "விழறதுக்கு முந்தி இப்படி இல்லீங்க, ரெண்டாம் நாள் ராத்திரியிலிருந்துதான்"னு சொல்லுங்க. அப்படிச் சொன்னாத்தான் காரணத்தைத் தேடுவாங்க. ஒண்ணுக்கு டியூப் எடுத்தாச்சா, எடுத்த பொறவு ஒழுங்காப் போனாங்களா, வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு, ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, வலிக்கு என்ன போடறாங்க, தூங்கறதுக்கு என்ன கொடுத்தாங்க. அத்தனையும் கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்லை.

அம்முச்சிக்குக் கண்ணாடி உண்டா? காதுக் கருவி? பல்செட்? எல்லாம் வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கும். நாளைக்கே எடுத்துட்டுப் போங்க.

9 ஜனவரி, காலை 6.05

நேத்து நான் யாருன்னு சொல்லல. காங்கயம், தாராபுரம் பக்கம் வீடு வீடாப் போய்ப் பிசியோதெரபி பண்றேன். அதுக்கு முந்தி கோயமுத்தூர்ல எலும்பு வார்டுல வேலை. எல்லாத்துக்கும் மேல, எங்க அத்தைக்கே, அதாவது மாமியாருக்கே, இது வந்து கூட இருந்து பார்த்தவ.

அத்தை கட்டில்ல சாஞ்சுட்டு ரெண்டு கையாலயும் பெட்ஷீட்டைக் கிள்ளிக் கிள்ளி மடியில போட்டுக்கிட்டே இருந்தாங்க. பருத்தி எடுக்கறாங்களாம். கட்டைவிரலும் ரெண்டு விரலும் சேர்ந்து சுளையை உருவற அந்தப் பழக்கம் கையில அப்படியே இருந்தது. நடுவுல நிறுத்திட்டு, "கொரங்காட்டுப் படல் சாத்துனீங்களா, செம்மறி வெளிய போயிரும்"னாங்க. கொரங்காடுன்னா எங்கூர்ல ஆடு மேயற வேலி போட்ட காடு. நாங்க ஆடு வித்து வருசக்கணக்காச்சு. எங்க வீட்டுக்காரர் "ஆடே இல்லம்மா, இது ஆஸ்பத்திரி"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்ல, அத்தைக்குக் கோவம் ஏறிட்டே போச்சு. வார்டு ஆயாம்மா ஒருத்தர் வந்தாங்க. "ஆடெல்லாம் எங்கயும் போகாதுங்க ஆத்தா. நாங்க பார்த்துக்கறோம். இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க"ன்னாங்க. குடிச்சுட்டுச் சாஞ்சுட்டாங்க.

ஆடு போயிருமோங்கற பயத்துக்குத்தான் அந்தம்மா பதில் சொன்னாங்க. ஆடு இருக்குதா இல்லையாங்கற வழக்குக்கு அவங்க போகவே இல்லை. வாதாடினா பயம் கூடும். கொஞ்சம் அடங்கின பொறவு "நான் உங்க மருமக, கால்ல அடிபட்டு ஆஸ்பத்திரில இருக்கறோம், இன்னைக்கு இன்ன கிழமை"ன்னு மெதுவா எடுத்துச் சொல்லலாம். ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டி வரும். சலிச்சுக்காதீங்க.

அத்தைக்கு சோடியம் இறங்கியிருந்தது. பிபிக்குச் சாப்பிட்ட மாத்திரை நீர் பிரிய வைக்கிற வகை. அதை மாத்தி, சோடியத்தை மெல்ல மேல கொண்டு வந்தாங்க. படிப்படியாத் தெளிஞ்சாங்க.

9 ஜனவரி, பகல்

பின்னூட்டத்துல பல்லடத்துக்காரர் ஒருத்தர் "முழு மயக்கம் கொடுத்ததாலதான் மூளை போச்சு, முதுகு ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்"னு அடிச்சுச் சொல்றார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். 2021-ல வந்த ரீகெய்ன்ங்கற ஆய்வுல அமெரிக்கா, கனடாவுல இடுப்பெலும்பு முறிஞ்ச 1600 பேரைப் பிரிச்சுப் பார்த்தாங்க. பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். ரெண்டு பக்கமும் அஞ்சுல ஒருத்தருக்குக் குழப்பம் வந்தது, வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்லை. அதனால எந்த மயக்கம்ங்கறதை மயக்க டாக்டர்கிட்ட விட்டுடுங்க. வீட்டு ஆளுங்க சண்டை போட வேண்டிய இடங்க வேற இருக்குது.

10 ஜனவரி, இரவு

ஒரு அக்கா எழுதியிருக்காங்க: "எங்கப்பா கத்தவே இல்லை, புடுங்கவே இல்லை, சமத்தாத் தூங்கிட்டே இருந்தாரு. பத்தாம் நாள் நிமோனியா." இதைப் படிச்சுட்டு எனக்குத் தூக்கம் வரல.

டெலிரியத்துல சத்தமில்லாத வகைதான் ஆபத்து. கூப்பிட்டாக் கண்ணைத் திறப்பாங்க, "ம்"ம்பாங்க, மறுபடி கண்ணை மூடிக்குவாங்க. வாயில வெச்ச சோத்தை முழுங்காம அப்படியே வெச்சிருப்பாங்க. பக்கத்துக் கட்டில்காரங்க "உங்கப்பா தொந்தரவே இல்லைங்க"ன்னு பாராட்டுவாங்க. நர்ஸுக்கும் வேலை குறைவு. யாரும் டாக்டரைக் கூப்பிட மாட்டாங்க.

வெளிநாட்டுல 4ஏடின்னு ஒரு சின்னச் சோதனை வெச்சிருக்காங்க, ரெண்டு நிமிஷம் ஆகாது. முழிப்பா இருக்காங்களா, வயசு, பொறந்த தேதி, இருக்கிற இடம், வருசம் சொல்றாங்களா, மாசங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடியுதா, திடீர்னு வந்த மாற்றமா, கூடிக் குறையுதா. இவ்வளவுதான். எங்கூர்ல பொறந்த தேதி கேட்டா நல்லா இருக்கிற பாட்டியே முழிக்கும். அதனால வீட்டு ஆளா நீங்க பார்க்கோணும்னா பங்குனி, மாசி, தைன்னு பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்க. தை நோம்பிக்கு இன்னும் எத்தனை நாள், மூத்த பேரன் எங்க வேலை பார்க்கிறான்னு கேளுங்க. நேத்துச் சொன்னதை இன்னைக்குச் சொல்ல முடியலைன்னா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. அந்த மனுசர் நேத்து எப்படி இருந்தார்னு டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

12 ஜனவரி

கோபித் தம்பி பதில் போட்டிருக்கார். டியூப் எடுத்த பொறவு அம்முச்சிக்கு ஒண்ணுக்கு அடைச்சே கிடந்திருக்குது. ஸ்கேன்ல பார்த்துட்டு டியூப் வெச்சதும் முக்கால் லிட்டர் வந்திருக்குது. வெளிக்குப் போயும் அஞ்சு நாள். ராத்திரி அலட்டறாங்கன்னு அவில் ஊசி வேற போட்டிருக்காங்க. அது அலர்ஜி மருந்து, தூக்கம் வரும்தான். ஆனா வயசானவங்களுக்கு அந்த வகை மருந்தே ஒண்ணுக்கையும் அடைக்கும், மலத்தையும் கட்டும், குழப்பத்தையும் கூட்டும். மூணும் ஒண்ணா அம்முச்சி மேல ஏறியிருக்குது. டாக்டர் நிறுத்திட்டாராம். இன்னைக்குக் காலைல "ஏன் கண்ணு தாடி வெச்சிருக்கற"ன்னு கேட்டாங்களாம். படிச்சுட்டு எங்க வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

கையைக் கட்டில்ல கட்டி வெச்சிருந்ததைப் பத்தியும் எழுதியிருக்கார். வேணாங்க. கட்டினா இன்னும் துள்ளுவாங்க, தோல் கிழியும், படுக்கைப் புண் வரும். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டா பாதி அடங்கிரும். மயக்க மாத்திரை, ஊசி எல்லாம் தனக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்துங்கற நேரத்துக்கு மட்டும்தான்.

இனி நான் இந்த இழைக்கு வந்த காரணத்தைச் சொல்றேன். அம்முச்சி தெளிஞ்சதும் எல்லாரும் நிம்மதியா மூச்சு விடுவீங்க. அப்பத்தான் அடுத்தது ஆரம்பிக்கும். பேச்சு திரும்பும், கால் திரும்பாது.

1963-ல சிட்னி காட்ஸ்ங்கற டாக்டர் அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல ஒரு அளவுகோல் போட்டார். குளிக்கிறது, துணி உடுத்தறது, கக்கூஸ் போறது, கட்டில்லிருந்து எந்திரிச்சு நாற்காலிக்கு மாறறது, மல-ஜலம் அடக்கறது, தானாச் சாப்பிடறது. இந்த ஆறையும் தன்னால செய்ய முடியுதாங்கறதுதான் கணக்கு. இன்னைக்கு உலகம் பூராவும் முதியோர் மருத்துவத்துல இதைத்தான் கேக்கறாங்க. அவர் இதை உருவாக்கினது இடுப்பெலும்பு முறிஞ்ச பெரியவங்களைப் பார்த்துப் பார்த்து. சாப்பிடறது முதல்ல திரும்பும், குளிக்கிறதும் உடுத்தறதும் கடைசில திரும்பும், கொழந்தை கத்துக்கிற வரிசையிலயேன்னு அவர் எழுதி வெச்சார்.

எங்க சனம் என்ன பண்றோம்? திரும்பி வர்ற ஒவ்வொண்ணையும் தடுக்கறோம். ஊட்டி விடறோம். பெட்பேன் வைக்கிறோம். டயப்பர் கட்டறோம். படுக்கையிலயே துடைச்சு விடறோம். "பாவம், ஆத்தா எவ்வளவு பாடுபட்டவங்க, இனியாச்சும் படுக்கட்டும்." அத்தனையும் பாசம்தான். அந்தப் பாசத்தோட நான் சண்டை போட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

நோய்நொடி இல்லாத பெரியவங்களைப் பத்தே நாள் படுக்கையில வெச்சுப் பார்த்த ஆய்வு 2007-ல வந்தது. ரெண்டு கால்லயும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைஞ்சு போச்சு. அவங்களுக்கு முறிவும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. நம்ம அம்முச்சி 45 கிலோ இருப்பாங்களா?

ஆபரேஷனுக்கு மறுநாளே எந்திரிச்சு நிக்கோணும். டாக்டர் வேற மாதிரிச் சொன்னாலொழிய, ராடோ செயற்கைப் பந்து மூட்டோ வைக்கிறதே அதுக்குத்தான். நல்லா வலி மாத்திரை போட்டு, அரைமணி, முக்கால்மணி கழிச்சு, வாக்கர் புடிச்சு, ஒரு ஆள் பக்கத்துல. முதல் நாள் நாற்காலில உக்காந்து ஒரு வேளைச் சோறு தன் கையால சாப்பிட்டாப் போதும். சிந்தட்டும். துடைச்சுக்கலாம்.

14 ஜனவரி

நோம்பி வேலைக்கு நடுவுல ரெண்டே வரி. ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா எலும்பு கூடும்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. ருசிக்குக் குடிங்க, தண்ணி உள்ள போகட்டும். எலும்புக்கு அதுல பெருசா எதுவும் இல்லை. கொள்ளு ரசமும் அப்படித்தான், சத்து அடியில இருக்கிற கொள்ளுல. கடைஞ்சு கொடுங்க. இந்த நேரத்துல எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2-லிருந்து 1.5 கிராம் வரை புரதம் வேணும்ங்கறாங்க. 45 கிலோ ஆளுக்கு 55 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில 6 கிராம்தான். முட்டை, தயிர், பச்சைப்பயறு கடைசல், அரிசியும்பருப்புல பருப்பைத் தூக்கலாப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. ரசஞ்சோறு மட்டும் கொடுத்தா ஆள் கரைஞ்சு போவாங்க. கிட்னி கெட்டவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க.

17 ஜனவரி

12-ம் தேதி நான் எழுதினதைப் பத்தி சத்தியமங்கலத்து அக்கா காட்டமா எழுதியிருக்காங்க. "நீங்க வந்து அரைமணி எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருவீங்க. மீதி இருபத்திமூணரை மணி நேரமும் நான்தான். என்னால தூக்க முடியாது, அதான் டயப்பர்." மறுபடி மறுபடி படிச்சேன். அவங்க சொல்றது நியாயம். நான் "நாம தடுக்கறோம்"னு எழுதினப்ப அந்த "நாம" பெரும்பாலும் ஒரே ஒரு மருமகளோ மகளோதான். மகன் திருப்பூர்ல ஷிப்ட்டு, பேரன் பெங்களூர்ல. பாசம்னு நான் எழுதினதுல பாதி ஓய்ஞ்சு போன கையி.

அதனால சொல்ற முறையை மாத்திக்கறேன். ஆறையும் ஒண்ணா மீட்க வேணாம். ஒண்ணே ஒண்ணை எடுங்க: கக்கூஸுக்கு நடக்கிறது. அது ஒண்ணு திரும்பினா டயப்பர் போகும், புண் போகும், அக்காவோட முதுகு பொழைக்கும். காலைல ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை. மத்த நேரம் டயப்பர் இருந்துட்டுப் போகட்டும்.

வீட்டுக்கே வர்ற ஆள் வேணும்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துல "மக்களைத் தேடி மருத்துவம்"னு கேளுங்க. 2021 ஆகஸ்ட்டுல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது. சர்க்கரை, பிபி மாத்திரை மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. வீட்டோட பிசியோதெரபியும் அதுல உண்டு. எங்கிட்டக் காசு கொடுத்து வர வைக்கிறதுக்கு முந்தி அதைக் கேட்டுப் பாருங்க.

வார்டுல ராத்திரி முழுக்க ஒரே ஆள் உக்கார வேணாம். மாறி மாறி உக்காருங்க. ஆனா தெரிஞ்ச முகமா இருக்கட்டும். அமெரிக்காவுல ஷாரன் இனோயேங்கற டாக்டரம்மா 1999-ல காட்டினாங்க: பெரியவங்களோட பேசறது, நடக்க வைக்கிறது, தண்ணி கொடுக்கிறது, கண்ணாடி மாட்டி விடறது, ராத்திரி சத்தம் குறைச்சுத் தூங்க விடறது. இவ்வளவே பண்ணி, நூத்துக்கு 15 பேருக்கு வந்த குழப்பத்தைப் பத்துக்குக் கொண்டு வந்தாங்க. அது பொது மருத்துவ வார்டு. பாஸ்டன்ல இடுப்பெலும்பு முறிஞ்சவங்களை முதியோர் டாக்டர் தினமும் வந்து பார்த்தப்ப நூத்துக்கு 50 பேருக்கு வர்றது 32 ஆச்சு. அங்க இதைச் செய்யறதுக்குத் தனியா ஆள் புடிச்சுப் பயிற்சி கொடுக்கறாங்க. நம்ம வார்டுல ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சொந்தக்காரர் ஏற்கனவே உக்காந்திருக்கார். என்ன செய்யோணும்னு யாரும் அவருக்குச் சொல்லித் தரதில்லை. எனக்கு ஆத்தாமையே அதுதான்.

20 ஜனவரி

"நாளைக்கு அஷ்டமி, நாளன்னிக்கு நவமி, பொறவு ஆபரேஷன் பண்ணிக்கலாம்." இதை நான் வார்டுல கேட்டுக் கேட்டு அலுத்தவ. வெளிநாட்டு மகன் வரட்டும்னு காத்திருக்கறதும் உண்டு. முறிஞ்ச இடுப்போட படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் வலி, வலி மருந்து, பட்டினி, தூக்கமில்லாமை. கூடுமானா முதல் நாளோ மறுநாளோ முடிச்சிரோணும்னுதான் பிரிட்டன் வழிகாட்டி சொல்லுது. 2020-ல வந்த ஹிப் அட்டாக் ஆய்வு, 17 நாடு, 2970 பேர், இந்தியாவும் சேர்த்தி. ஆறு மணி நேரத்துக்குள்ள பண்ணினதால சாவு குறையல, அதை ஒளிக்கல. ஆனா குழப்பம் குறைஞ்சுது, சீக்கிரம் எந்திரிச்சு நின்னாங்க. இதயம், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைன்னு டாக்டர் தள்ளிப் போட்டா அது வேற. காத்திருக்கற நேரத்துல தொடையில நரம்பை மரக்க வைக்கிற ஊசி போட முடியுமான்னு கேளுங்க, வலி நல்லாவே அடங்கும்.

புத்தூர் கட்டுப் போட்டுப் படுக்க வெச்சாப் போதும்ங்கறவருக்கு: கை முறிவுக்கு நீங்க என்ன பண்ணினாலும் நடந்துட்டு இருப்பீங்க. இடுப்புக்கு அப்படிப் படுக்க வெச்ச வீடுகளுக்கு நான் போயிருக்கேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து வெக்கத்தான் கூப்பிட்டாங்க.

23 ஜனவரி

விட்டுப்போன ஒண்ணு. தாத்தா தினமும் குடிக்கறவரா இருந்தா, சேர்த்த அன்னிக்கே டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. மானம் பார்த்து மறைக்கறாங்க. திடீர்னு நின்னா ரெண்டு, மூணு நாள்ல நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும், அதுக்கு வைத்தியமே வேற. தூக்க மாத்திரையும் இதே கதை. வருசக்கணக்கா அல்பிரசோலம் சாப்பிட்டவங்களுக்கு அதைச் சட்டுனு நிறுத்தினாலும் குழப்பம்தான். புகையிலை போடற ஆத்தாமாரையும் சொல்லிருங்க.

2 பிப்ரவரி

எல்லாரும் தெளிஞ்சிருவாங்கன்னு நான் எழுதின மாதிரி ஆயிருமோன்னு உறுத்தலா இருக்குது. அப்படி இல்லை. கொஞ்சம் மறதி ஏற்கனவே இருந்தவங்களுக்குத்தான் டெலிரியம் அதிகம் வரும். வந்துட்டுப் போன பொறவு ஒரு படி கீழ நிக்கிறவங்க நிறைய. தெளிய வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகலாம். டெலிரியம் வந்தவங்களுக்குப் பின்னால மறதி நோய் வர்ற வாய்ப்பும் கூடுதல்னு ஆய்வுகள் சேர்ந்து சொல்லுது. இடுப்பு முறிஞ்சவங்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்ன மாதிரி நடக்கறதில்லை. வருசத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தர், நாலுல ஒருத்தர் போயிடறாங்க. எங்க அத்தை தெளிஞ்சாங்கன்னு எழுதினேன். ரேஷன் கார்டு எங்க, பேரன் பொறந்த நாள் எது எல்லாம் சொல்லுவாங்க. ஆனா மாசாமாசம் மகளிர் குழுக் கணக்கு எழுதினவங்க, அதை மறுபடி எடுக்கவே இல்லை. நோட்டைத் திறப்பாங்க, மூடிருவாங்க. நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்த பொறவு மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை ஞாபகசக்தியைப் பரிசோதிச்சுடுங்க. வார்டுல குழப்பத்துல இருக்கறப்பவே "டிமென்ஷியா"ன்னு, அதாவது மறதி நோய்னு, சீட்டுல எழுதறதை நான் ஏத்துக்கறதில்லை.

9 பிப்ரவரி

அம்முச்சி வாக்கர் புடிச்சு ஆசாரத்துலிருந்து வாசல் வரைக்கும் வர்றாங்களாம். பழனி போற பாதயாத்திரைக்காரங்களுக்கு மோர் ஊத்தோணும்னு அடம். உக்காந்து ஊத்தட்டும் தம்பி, தாராளமா. சொம்பை அவங்க கையிலயே கொடுங்க.

"இனி விழாம இருக்க என்ன மருந்து"ன்னு கேட்டிருக்கீங்க. விழாம இருக்க மருந்து கிடையாது. கக்கூஸ்ல கைப்பிடி, ராத்திரி வெளிச்சம், தூக்க மாத்திரையைக் குறைக்கிறது, கண்புரை இருந்தா ஆபரேஷன், காலுக்குத் தினமும் பயிற்சி. விழுந்தா முறியற வாய்ப்பைக் குறைக்க மருந்து உண்டு. ஜோலெட்ரானிக் ஆசிட், வருசத்துக்கு ஒரு தடவை ஏத்தற ஊசி. 2007-ல இடுப்பு முறிஞ்ச 2127 பேர்கிட்டப் பார்த்ததுல, மருந்து போடாதவங்களோட ஒப்பிட்டா புது முறிவு நூத்துக்கு 35 பங்கு குறைஞ்சுது, இறப்பும் நூத்துக்கு 28 பங்கு குறைஞ்சுது. இடுப்புல ராடு வெச்சு அனுப்பினவங்கள்ல இந்த மருந்து எழுதின சீட்டை நான் போற வீடுகள்ல அபூர்வமாத்தான் பார்க்கிறேன். எலும்பை ஒட்ட வெச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க. நீங்களே கேளுங்க. ஆபரேஷனாகி 90 நாளுக்குள்ள போட்டுப் பார்த்த ஆய்வு அது, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்குது. போடறதுக்கு முந்தி கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது), கால்சியம், வைட்டமின் டி மூணும் ரத்தத்துல பார்க்கச் சொல்லுங்க. ஆட்டம் காணற பல்லு இருந்தா முதல்ல பல் டாக்டர். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும், பயந்துக்காதீங்க.